ரப்பர் அங்கியும் மனித முகமும்

வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் பாலாற்றையொட்டிப் படர்ந்திருக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் புகைப்படக் கலைக்குப் பஞ்சம் இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. அயல்நாட்டுக்கு அனுப்பப்போகும் ஷூவின் மாதிரி ஒன்று உருவாகிவிட்டால், அதை வெள்ளைத் துணியாலான சிறு கூடாரத்துக்குள் வைத்து, இரு பக்கமும் மென்மையாக்கிய விளக்கொளியைப் பாய்ச்சி, முனையில் ஓடும் பளபளப்பு ஒரே கோடாக விழுகிறதா, தையல் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகிறதா, தோலின் நிறம் மங்காமல் வந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சிரத்தையில் குற்றம் காண எனக்கு விருப்பமில்லை; சரக்கை விற்பவர் சரக்கின் அழகைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஷூவின் தோல் மயிரோடும் உப்போடும் பச்சைத் தோலாக வந்து இறங்கிய நாளில் அதைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டவர், கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் கறுப்பு ரப்பர் ஏப்ரனும், முழங்கைவரை ஏறிய ரப்பர் கையுறையும், கம்பூட்ஸும் அணிந்து நின்ற அந்த மனிதர், அதே சிரத்தையோடு ஒரு முறையேனும் படம் எடுக்கப்பட்டிருக்கிறாரா என்று கேட்டால், வரும் விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

அவருடைய படம் எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டேனரித் தொழிலாளியின் படங்கள் உண்டு. அவை பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடுகின்றன. ஒரு வகைப் படத்தில் அவர் இருட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு கரிய உருவமாக நிற்கிறார். முகம் தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் அதில் களைப்பைத் தவிர வேறொன்றும் தெரிய இடம் கொடுக்கப்படவில்லை. பார்ப்பவர் மனத்தில் இரக்கத்தை எழுப்ப வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக அந்த மனிதர் தமது தனித்தன்மை முழுவதையும் இழந்து ஓர் அடையாளமாகிவிடுகிறார். மற்றொரு வகை, கம்பெனியின் ஆண்டறிக்கைக்காகவோ தணிக்கைக்காகவோ எடுக்கப்படுவது. அதில் ஃபிளாஷ் விளக்கு நேருக்கு நேராகப் பாய்ந்து, ஏப்ரனின் நடுவே ஒரு வெள்ளை ஓட்டையை உண்டாக்கி, நெற்றி வியர்வையைப் புள்ளிப் புள்ளியாக எரியவைத்து, புதுக் கையுறையை மட்டும் துலக்கமாகக் காட்டுகிறது. முதல் வகை அவருடைய துன்பத்தைக் காட்டுகிறது. இரண்டாவது அவருடைய உபகரணத்தைக் காட்டுகிறது. அவரைக் காட்டும் மூன்றாவது வகை ஒன்று வேண்டும் என்பதும், அதை எடுப்பதற்கு வேண்டிய வித்தை இந்த ஊர்களிலேயே இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

வித்தை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரப்பர் உடை அணிந்தவரை நன்றாகப் படம் எடுப்பது சுலபமான காரியமன்று. பருத்தித் துணி தன்மேல் விழும் ஒளியை நாலா திசையிலும் சிதறவிடுகிறது. ஆகையால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி தோன்றுகிறது. ரப்பரோ, அதிலும் நனைந்த ரப்பரோ, கண்ணாடியின் சுபாவம் உடையது. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் திரும்பிப் போகிறது. ஆகவே கறுப்பு ரப்பர் ஏப்ரனைப் படம் எடுக்கும்போது உண்மையில் நாம் எடுப்பது அந்த ஏப்ரனில் தெரியும் சுற்றுப்புறத்தின் பிம்பத்தைத்தான். எதிரே ஒரு சிறு விளக்கு இருந்தால், சிறு வெள்ளைப் புள்ளியொன்று விழும். அகன்ற கதவு திறந்திருந்தால், நீண்ட மெல்லிய ஒளிப்பட்டை ஒன்று ஓடும். ஒன்றுமே இல்லாவிட்டால், உடை முழுவதும் வடிவமற்ற ஒரே கறுப்பாகிவிடும். மேல்நாடுகளில் லேடெக்ஸ் என்னும் மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டி ஆடைகள் செய்து அணிகிறார்கள். அவற்றைப் படம் எடுப்பவர்கள் சிலிக்கோன் எண்ணெய் தடவிப் பளபளப்பை ஏற்றுவதும், உடலின் வளைவுகளை அந்தப் பளபளப்பின் கோடுகளாலேயே வரைந்து காட்டுவதும் வழக்கம். நம் டேனரியில் எண்ணெய் தடவ வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரும் கொழுப்பும் சுண்ணாம்புப் பாலும் அந்த வேலையைத் தாமாகவே செய்துவிடுகின்றன. அங்கே ரப்பர் அலங்காரம். இங்கே அது கவசம். ஒளியின் நியதி இரண்டுக்கும் ஒன்றே.

அந்த நியதியை அறிந்துகொண்டால் செய்யவேண்டியது இன்னதென்று தானே விளங்கும். ஒளியின் வாய் அகலமாக இருக்க வேண்டும். பழைய டேனரிகளில் தோல் ஏற்றி இறக்கும் பெரிய வாயிற்கதவு ஒன்று இருக்கும். நேர் வெயில் புகாத வேளையில், அந்தக் கதவுக்கு நாலடி உள்ளே தள்ளி, கதவு ஒரு பக்கமாக வரும்படி ஒருவரை நிற்கச் சொன்னால், ஏப்ரனின் தோளோரத்திலிருந்து இடுப்புவரை ஓர் ஒளிக்கோடு இறங்கும். அந்தக் கோடு ஒன்றே அவர் எத்தனை அகன்ற மார்புடையவர், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார், எந்தத் தோளால் பாரம் சுமந்து பழகியவர் என்பதையெல்லாம் சொல்லிவிடும். மறுபக்கம் இருட்டில் கரைந்துபோகாமல் இருக்க, ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் போதும். பிரதிபலிப்பு அளவுக்கு மிஞ்சினால், போலரைசிங் ஃபில்டரை லென்ஸின்மேல் பொருத்தித் திருப்பலாம். ரப்பர், தண்ணீர், தோல் ஆகிய உலோகமல்லாத பரப்புகளைச் சாய்வாகப் பார்க்கும்போது அவற்றின் மினுக்கத்தை அது பெருமளவு குறைக்கும். ஆயினும் முழுவதும் குறைத்துவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மினுக்கமே இல்லாத ரப்பர் நனைந்த கம்பளிபோல் உயிரற்றுக் கிடக்கும். அதோடு அந்த மனிதர் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கிறார் என்ற செய்தியும் படத்தைவிட்டு மறைந்துவிடும்.

செய்தித்தாளில் அச்சாகப்போகும் படமானால் இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. செய்தித்தாளின் காகிதம் மையை உறிஞ்சிப் பரவவிடுவது. ஆகையால் புள்ளி புள்ளியாக விழும் நிழலின் நுண்ணிய பேதங்கள் ஒன்றோடொன்று கலந்து, கணினித் திரையில் அழகாகத் தெரிந்த கறுப்பு ஏப்ரன் மறுநாள் காலையில் ஒரு மைக்கறையாக வந்து நிற்கும். ஓரத்தில் அந்த ஒளிக்கோடு இருந்தால்தான் உடையும் உடலும் அச்சில் பிழைக்கும்.

இதுவரை சொன்னது உடையைப் பற்றி. முகத்தைப் பற்றிய விஷயம் இதைவிடக் கடினமானது, இதைவிட முக்கியமானதுங்கூட. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தான் காணும் காட்சியனைத்தும் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டத்தின் பெரும்பகுதியைக் கறுப்பு ரப்பர் அடைத்துக்கொண்டால், காட்சி இருண்டிருப்பதாக மயங்கி அது ஒளியைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகும், முகம் வெளிறிப்போகும். பின்னால் பிரகாசமான ஜன்னல் இருந்தாலோ நேர் எதிராக ஒளியைக் குறைத்து, முகத்தைக் கரியாக்கிவிடும். இரண்டு தவறும் ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஒரே மனிதருக்கு நேர்வதைக் காணலாம். அளவை முகத்திலிருந்து எடுக்க வேண்டும்; கைப்பேசியாக இருந்தால், விரலை ஏப்ரனில் வைக்காமல் முகத்தில் வைத்து, பிறகு ஒளியைச் சற்றே தாழ்த்த வேண்டும். வெளிக்கூடத்தில் குவித்து வைத்திருக்கும், குரோமில் பதனிட்டு ஈரம் உலராத ‘வெட் புளூ’ தோல்களின் நீலம் மோவாயின்கீழ் ஏறி முகத்தைச் சோகை பிடித்ததுபோல் காட்டக்கூடும் என்பதால், அந்தக் குவியலிலிருந்து இரண்டெட்டு விலகி நிற்கச் சொல்வதும் நல்லது.

கறுத்த முகத்தைக் கறுப்பாகவும் அழகாகவும் காட்டுவதில் நம்முடைய கருவிகளுக்கு நெடுங்காலத்து ஓரவஞ்சனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கோடக் கம்பெனி தன் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென்று ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிவந்த மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகளாக வெள்ளைத் தோலுடைய பெண்ணின் உருவமே இருந்தது; அந்த அட்டைக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். அந்த வெண்மைக்கு ஏற்றபடி சமன்செய்த ஃபிலிமில் கறுத்தவர் முகம் அம்சங்கள் மங்கி, கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதாக விழுந்தது. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறத்தின் பேதங்கள் படத்தில் வரவில்லை என்ற புகாரைச் சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் கிளப்பியதும் அந்த ஃபிலிம் திருந்துவதற்கு ஒரு காரணமாயிற்று என்பது அவர் ஆராய்ச்சியில் வெளிப்பட்ட செய்தி. மனிதர் முகத்துக்காகச் செய்யாததைச் சரக்குக்காகச் செய்தார்கள் என்பதைப் படிக்கும்போது, ஆம்பூரில் ஷூவுக்குக் கிடைக்கும் வெளிச்சம் அதைச் செய்தவருக்குக் கிடைக்காமலிருப்பதை நினைக்காமலிருக்க என்னால் முடியவில்லை. இன்று ஃபிலிம் இல்லை. ஆனால் கைப்பேசியிலுள்ள மென்பொருள் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, மேடுபள்ளங்களை மழித்துவிடுகிறது. சுண்ணாம்பு வாடையில் பல ஆண்டுகள் நின்ற முகத்திலிருந்து அந்த ஆண்டுகளை அழித்துவிடும் கருவியை முதலில் அணைத்துவிட வேண்டும்.

இவையெல்லாம் நம் ஊர்ப் படக்காரர்களுக்குத் தெரியாத சங்கதிகள் என்று யாரேனும் நினைத்தால், அவர்கள் கல்யாண ஆல்பம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தது கிடையாது என்றுதான் பொருள். வேலூரிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், ஜரிகை நெருங்கிய பட்டுப்புடவையையும், கழுத்து நிறைந்த பொன்னையும், எண்ணெய் மினுங்கும் கூந்தலையும், ஹோமப் புகையில் வியர்த்த கறுத்த முகத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கி, ஜரிகை வெளுத்துப்போகாமலும் முகம் இருண்டுபோகாமலும் கொண்டுவரும் கலையில் தேர்ந்தவர்கள். பளபளக்கும் உடையில் இருக்கும் மாநிற மனிதரைப் படம் எடுப்பதில் அவர்களுக்குள்ள அனுபவம் எந்த மேல்நாட்டு ஃபேஷன் படக்காரருக்கும் குறைந்ததன்று. குடை விளக்கும், வெள்ளித் தகடு ஒட்டிய ரிஃப்ளெக்டரும், ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸும் அவர்கள் கடையில் ஓர் அலமாரியில் தயாராக இருக்கின்றன. முகூர்த்தமில்லாத ஆடி மாதத்திலும் மார்கழியிலும் அந்த விளக்குகள் சும்மாதான் கிடக்கின்றன. அவை டேனரி வாசலுக்குப் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இத்தகைய முயற்சிக்கு உலகில் முன்மாதிரி உண்டு. இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1950ஆம் ஆண்டில் ‘வோக்’ பத்திரிகைக்காகப் புது நாகரிக ஆடைகளைப் படம் எடுக்கப் பாரிஸ் நகரத்துக்குப் போயிருந்தபோது, பழைய புகைப்படப் பள்ளி ஒன்றின் மேல்மாடியில், வட திசை ஒளி இறங்கும் கண்ணாடிக் கூரையின்கீழ், நாடகத் திரை ஒன்றைப் பின்னணியாகத் தொங்கவிட்டு வேலை செய்தார். சீமாட்டிகளின் ஆடைகளை அணிந்த மாடல்கள் நின்ற அதே இடத்தில், அதே ஒளியில், கசாப்புக் கடைக்காரரையும், ரொட்டி சுடுபவரையும், தெருவில் கூவி விற்பவர்களையும் அவரவர் வேலை உடையோடு, கையில் கருவியோடு வரவழைத்து நிறுத்தினார். பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் அதைத் தொடர்ந்தார். லண்டனில் எடுத்த மீன் வியாபாரியும், 1951இல் நியூயார்க்கில் எடுத்த ஆழ்கடல் முக்குளிப்பவரும் அந்தத் தொகுதியில் இருக்கிறார்கள். முக்குளிப்பவரின் கனத்த உடுப்பைப் பார்த்தால், நம் சுண்ணாம்புக் கூடத்தில் நிற்பவருடைய உடுப்புக்கு அது தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். தாம் படம் எடுத்தவர்களுக்குப் பென் கூலி கொடுத்தார். அமெரிக்காவில் சிலர் வேலை உடையைக் களைந்துவிட்டு, சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அணிந்து வந்து நின்றார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் படங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: ஆடையழகிக்கு ஒரு நீதி, மீன்காரருக்கு ஒரு நீதி என்று ஒளியில் அவர் பாகுபாடு செய்யவில்லை. மீன்காரரின் நனைந்த ஏப்ரனில் விழுந்த வெளிச்சத்துக்கும் பட்டுக் கவுனில் விழுந்த வெளிச்சத்துக்கும் சிரத்தையில் வித்தியாசமில்லை.

நம்மிடையேயும் இந்த வழியில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், ‘பாரி’ என்ற இணைய இதழுக்காகத் துப்புரவுத் தொழிலாளரையும், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறார். அவர் படங்களில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். தோல் வட்டாரத்துக்கும் அப்படிப்பட்ட கண் ஒன்று வேண்டும். அது வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்து தங்கிப்போகும் கண்ணாக இல்லாமல், மேல்விஷாரத்திலோ பேர்ணாம்பட்டிலோ பிறந்து வளர்ந்த கண்ணாக இருந்தால் உத்தமம்.

கையுறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை அறையில் ரப்பர் கையுறை புகுந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் வேலை பார்த்த கரோலைன் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள், கிருமி நீக்குவதற்காகப் பயன்படுத்திய பாதரச ரஸாயனத்தால் புண்ணாயின. 1889-90 வாக்கில் அவர் கைகளுக்கு அச்சு எடுத்து, குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரும்படி ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் எண்ணம் பின்னால் வந்தது; முதலில் அந்தக் கையுறை பிறந்தது ரஸாயனத்தில் கை வைத்து உழைத்த ஒரு பெண்ணின் தோலைக் காப்பாற்றுவதற்காகத்தான். இன்று வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாள்தோறும் எத்தனையோ கைகள் அந்தக் கையுறையை அணிகின்றன. அணியாமல் ஒரு மருத்துவர் கத்தியைத் தொடுவதை நம்மால் கற்பனை செய்ய முடியாது. அங்கிருந்து அதிக தூரமில்லாத டேனரிகளில், மயிர் களைவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கரைத்த காரநீரிலும், அதன்பின் கந்தக அமிலமும் உப்பும் கலந்த தொட்டியிலும், குரோம் உப்புக் கரைசலிலும் கைவிடுபவர்கள் வெறுங்கையோடு வேலை செய்வதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே நேர்வதில்லை, கண்ணால் பார்க்கலாம்.

ஆகவே கையுறை படத்தில் வருவதும் வராமலிருப்பதும் சிறு விஷயமன்று. நாள்தோறும் அணிந்த கையுறைக்கு ஒரு தோற்றம் உண்டு. விரல் மடிப்புகளில் வெடிப்பும், உள்ளங்கையில் வெளுப்பும், மணிக்கட்டில் மடித்துவிட்ட தடமும் சேர்ந்து, கையிலிருந்து கழற்றிய பிறகும் கையின் வடிவத்தை அது விடாமல் வைத்திருக்கும். உறையிலிருந்து அப்போதுதான் எடுத்த கையுறையில் மடிப்புக் கோடுகள் நேராக ஓடும். பக்கத்து ஒளியில் அந்தக் கோடுகள் ஒன்றுகூட மறையாது. படத்துக்காகக் கொடுக்கப்பட்ட கையுறை எது, வேலைக்காகக் கொடுக்கப்பட்ட கையுறை எது என்பதை நல்ல ஒளியில் எடுத்த படம் பார்த்தவுடனே சொல்லிவிடும். கையுறை இல்லாதவரிடம் கையுறையைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லிப் படம் எடுப்பது பொய்; இருப்பவரிடம் கழற்றச் சொல்லிப் புண்ணைக் காட்டச் சொல்வதும் பொய். அவர் எப்படி வேலை செய்கிறாரோ அப்படியே நிற்க வேண்டும்.

அப்படி நிற்பதால் அவருக்கு என்ன நேரும் என்பதையும் படம் எடுப்பவர் எண்ணிப்பார்த்தே ஆக வேண்டும். வெறுங்கையோடு நிற்பவரின் படம் வெளியானால், கேள்வி முதலாளியிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால், மேஸ்திரியின் கோபம் அந்தத் தொழிலாளியிடம் வந்து சேர்ந்துவிடும். அவர் வேலை போகலாம். அவர் மகளுடைய கல்யாணத்துக்குக் கம்பெனியில் கேட்டிருந்த முன்பணம் நின்றுபோகலாம். மேலும், தோலைத் தொடும் தொழில் இந்நாட்டில் ஜாதியின் பாரத்தோடு சேர்த்துச் சிலர் தலையில் ஏற்றப்பட்டது என்பதால், ரப்பர் ஏப்ரனோடு தம்மைத் தம் சொந்தக்காரர்களும், மகன் படிக்கும் கல்லூரித் தோழர்களும் பார்ப்பதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அந்த விருப்பமின்மையைக் கூச்சம் என்று ஒதுக்கித் தள்ள வெளியாளுக்கு உரிமை கிடையாது. “அண்ணே, இந்தப் படம் பேப்பர்ல வரும், உங்களுக்குச் சம்மதமா?” என்று எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவையும், எடுத்த படத்தைக் காட்டி மறுபடியும் கேட்க வேண்டும். தலைவாரிக்கொள்ள வேண்டும் என்றால், முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்றால், காத்திருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் வேலூர் வெயிலில் ரப்பருக்குள் உடல் வெந்துபோகும். ஆதலால் விளக்கையெல்லாம் சரிசெய்து முடித்து, தாமே ஒரு தடவை நின்று சோதித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அவரை அழைத்து, சில நிமிஷங்களில் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு பேசுவதற்கு இந்தப் படங்கள் அத்தனை பிரயோஜனமுள்ளவையா என்று கேட்கலாம். டேனரிக் கழிவுநீரால் மாசுபட்ட பாலாற்றின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே நீதிமன்றம், நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வில், பாலாற்றைச் சீர்படுத்தவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் மறுபடியும் உத்தரவிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாம் பார்த்த படங்களை நினைவுகூர்ந்தால், நுரை மிதக்கும் ஆறு வரும், கழிவுநீர்க் குழாய் வரும், பாழான தென்னந்தோப்பு வரும், நீதிமன்றக் கட்டடம் வரும். நியாயமான படங்கள்தாம். ஆனால் அந்த நீரில் மற்றவர்களுக்கெல்லாம் முன்னால், நாளெல்லாம், முழங்கால்வரை நின்றவர் ரப்பர் பூட்ஸ் அணிந்த மனிதரல்லவா? விவசாயிக்கும் முதலாளிக்கும் இடையிலான வழக்காகவே இது நம் மனத்தில் பதிந்துபோனதற்கு, மூன்றாவது மனிதரின் முகம் நம் கண்ணில் படாததும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

2015 ஜனவரி 31ஆம் தேதி விடியற்காலையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முகமாவது, இதே வட்டாரத்துக்காரர்களான நம்மில் யாருக்கேனும் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் உயிரோடிருந்தபோது, வேலை உடையில், நிமிர்ந்து நின்று, நல்ல வெளிச்சத்தில் எடுத்துக்கொண்ட ஒரு படம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அந்தக் குடும்பங்களின் துயரம் ஒன்றும் குறைந்திருக்காதுதான். ஆயினும் தங்கள் பிள்ளை வெளியூரில் என்ன வேலை செய்தான், அதை எந்த நிமிர்வோடு செய்தான் என்பதற்கு ஒரு சாட்சியமேனும் அந்த வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவர்களைக் கோயிலையும் மலையையும் படம் எடுக்க அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளூர் ஸ்டூடியோக்காரர்களை ஆசிரியர்களாக அமர்த்தி, டேனரி வாசலில் ஷிஃப்ட் மாறும் வேளையில் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டி, விருப்பமுள்ளவர்களைப் படம் எடுக்கும் பழக்கத்தை உண்டாக்கலாம். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், தோலைப் பற்றிச் சேகரித்து வைத்திருக்கும் ஞானத்தோடு, அந்தத் தோலைக் கையாண்டவர்களின் உருவங்களையும் சேகரித்து வைக்கலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. அவர்களிடம் ரப்பர் உடை கிடையாது, ஊசி குத்திக் காய்த்த விரல்கள் உண்டு. ஆண்டறிக்கைக்கு ஷூவைப் படம் எடுப்பவருக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறார்களோ, அத்தனை ரூபாயைத் தொழிலாளியைப் படம் எடுப்பவருக்கும் கம்பெனிகள் கொடுக்க வேண்டும்; படத்துக்காக நின்ற நேரத்துக்கு நின்றவருக்கும் கூலி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் அந்தப் படங்களை விபத்து நடந்த மறுநாளைக்கென்று காத்துவைக்காமல், சாதாரணமான ஒரு புதன்கிழமையில், அரைப் பக்கம் ஒதுக்கி அச்சிட வேண்டும்.

எடுத்த படத்தில் ஒரு பிரதி, கைப்பேசியில் அனுப்பும் பிம்பமாக இல்லாமல், நல்ல காகிதத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டதாக, அவர் வீட்டுக்குப் போக வேண்டும். படத்தின்கீழே தம் பெயரை எழுதலாமா என்று அவரையே கேட்க வேண்டும். எழுதச் சொன்னால், கம்பெனியின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதற்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும்.